ஸ்மூத்தனிங் முடியிலிருந்து சொந்தச் சுருளுக்கு: மொட்டையாக வெட்டாமல் மாற வழி உண்டா?

மல்லிகைப்பந்தல்:

வணக்கம் தோழிகளே. விவரத்தை முதலிலேயே சொல்லிடறேன். இயல்பில் சுருள் முடி. நாலு வருஷமா ஸ்மூத்தனிங் (கெமிக்கல் போட்டு முடியை நேராக்கறது), நடுவில் ரெண்டு தடவை ரூட் டச்-அப், அதாவது புதுசா வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் மறுபடி அதே கிரீம். கடைசியாகச் செய்து 10 மாதம் ஆச்சு. இப்போ வேரிலிருந்து இழுத்துப் பிடிச்சு அளந்தா 12 செ.மீ. சுருள், அதுக்குக் கீழே சுமார் 48 செ.மீ. குச்சி மாதிரி நேர் முடி. இனி ஸ்மூத்தனிங் வேண்டாம்னு முடிவு.

என் கேள்விகள்: நேர் முடியை மறுபடி சுருளாக்க ஏதாவது எண்ணெய், பேக் உண்டா, இல்லை வெட்டித்தான் ஆகணுமா? பார்லரில் "ஒரு கெரட்டின் போட்டா ரெண்டும் ஒரே மாதிரி தெரியும்"னு சொல்றாங்க, போடலாமா? சீவும்போது சுருளும் நேர் முடியும் சேருற இடத்திலேயே உடையுது, ஏன்? வீட்டில் போர் தண்ணீர்தான், ஊர் சென்னை. தை மாசம் தங்கச்சி கல்யாணம் வேற இருக்கு, அதனால் பாய் கட் யோசனை மட்டும் வேண்டாம்.

கத்தரிக்கோல்:

முடி வெட்டுறது என் தொழில், அதனால் வெட்டுற கணக்கை மட்டும் நான் சொல்றேன்.

நேர் முடி திரும்பச் சுருளாகாது. எந்த எண்ணெயும் ஆக்காது. ஆனா பாய் கட் தேவையில்லை. முடி மாசத்துக்கு 1 முதல் 1.25 செ.மீ. வரை வளரும். இப்போ உங்க மொத்த நீளம் 60 செ.மீ. அதில் அடியிலிருந்து 26 செ.மீ. ஒரே தடவையா எடுத்துடுங்க. மிச்சம் 34 செ.மீ. நிக்கும், கிட்டத்தட்ட தோள் அளவு. அதில் 12 சுருள், 22 நேர். அப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை 2.5 செ.மீ. ட்ரிம். ரெண்டு மாச வளர்ச்சியும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே பார்க்கிறவங்களுக்கு நீளம் குறைஞ்ச மாதிரியே தெரியாது, உள்ளுக்குள்ளே நேர் முடி மட்டும் கரைஞ்சுக்கிட்டே வரும். 9 ட்ரிம், ஒன்றரை வருஷம், முடிஞ்சது.

60 செ.மீ.யையும் வச்சுக்கிட்டே வளர்க்கிறேன்னு சிலர் பிடிவாதமா இருப்பாங்க. நான் அதுக்கு ஆதரவில்லை. 48 செ.மீ. நேர் முடியோட கனம் மொத்தமும் அந்த 12 செ.மீ. சுருளில் தொங்குது. சுருள் நீண்டு, அலை மாதிரி மங்கிப் போய்த் தெரியும். "என் பழைய சுருளே போயிடுச்சு"னு பயந்து திரும்பப் பார்லருக்கு ஓடுறது இந்தக் கட்டத்தில்தான். பாரம் இறங்கினதும் அதே சுருள் மேலே ஏறி உட்காரும்.

வெட்டும்போது பார்க்க வேண்டியவை: காய்ஞ்ச முடியில் வெட்டச் சொல்லுங்க. ஈரத்தில் சுருள் நீண்டு நிக்கும், ஒரு இன்ச் எடுத்தா காய்ஞ்சதும் ரெண்டு இன்ச் போன மாதிரி ஆயிடும். ரேசர் வேண்டாம், பல் வச்ச தின்னிங் கத்தரியும் வேண்டாம். ரெண்டுமே நுனியைப் பிளந்து விடும், ஏற்கெனவே கெமிக்கல் பார்த்த முடியில் அந்தப் பிளவு மேலே ஏறும். உச்சியில் மட்டும் நீளமான லேயர் கேளுங்க. சுருள் முடிஞ்சு நேர் முடி தொடங்குற எல்லை எங்கேன்னு ஸ்டைலிஸ்ட்டுக்குத் தெரியலைன்னா ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் அடிச்சு நாலஞ்சு முடியை மட்டும் தூக்கிப் பிடிக்கணும், வளைவு நிக்கிற இடம் தானா தெரியும். தலை முழுக்க அது ஒரே உயரத்தில் இருக்காது. டச்-அப் கிரீம் பின்கழுத்தில் ஒரு அளவு, உச்சியில் ஒரு அளவுன்னுதான் பட்டிருக்கும்.

குடுவை:

கெரட்டின் கேள்விக்கு வருகிறேன். போடாதீர்கள். காரணம் புரிந்தால் பார்லரில் மறுப்பது சுலபம்.

முடியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பது கெரட்டின் புரதத்திலுள்ள கந்தகப் பிணைப்புகள். ஸ்மூத்தனிங் கிரீமில் பெரும்பாலும் அமோனியம் தையோகிளைகோலேட் இருக்கும். காரத்தன்மையுள்ள அந்தக் கிரீம் பிணைப்புகளில் ஒரு பகுதியை அறுக்கிறது. பிறகு அயர்ன் வைத்து முடியை நேராக்குகிறார்கள். கடைசியில் போடும் நியூட்ரலைசரில் ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும், அது அறுந்த பிணைப்புகளை அந்த நேரான நிலையிலேயே மீண்டும் பூட்டுகிறது. அறுந்ததெல்லாம் திரும்பப் பூட்டுவதில்லை, அதனால்தான் முடி நிரந்தரமாகக் கொஞ்சம் பலவீனமாகிறது. தலைத்தோலுக்கு வெளியே வந்த முடி உயிரற்றது, தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாது. எந்தப் பேக்கும் பழைய சுருளைக் கொண்டுவராததற்குக் காரணம் இதுதான்.

சேருமிடத்தில் உடைவதற்கு மூன்று காரணங்கள். டச்-அப் செய்யும்போது புது முடியில் மட்டும் கிரீம் படுவதில்லை, ஏற்கெனவே செய்த பகுதியிலும் ஒன்றிரண்டு செ.மீ. ஏறிவிடும். அந்த இடம் இருமுறை, மும்முறை கெமிக்கல் வாங்கியிருக்கும். அடுத்து, ஈரத்தில் இழுத்தால் இரண்டு பகுதிகளும் ஒரே அளவு நீள்வதில்லை, விசை முழுவதும் சந்திப்பில் விழுகிறது. மூன்றாவது சிக்கு: சுருள் தன் பக்கத்து முடியைப் பற்றிக்கொள்ளும், நேர் முடி வழுக்கி அதற்குள் முடிச்சாக இறங்கும், சீப்பு போய் நிற்பது அங்கேதான்.

இப்போது "கெரட்டின்". பெயர் அப்படி இருந்தாலும் முடியை நேராக்குவது அதிலுள்ள புரதம் அல்ல. ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் பொருளோ, கிளையாக்சிலிக் அமிலமோ, அதோடு 200 டிகிரிக்கு மேல் அயர்னும்தான் வேலை செய்கின்றன. நானோபிளாஸ்டியா, ஹேர் போட்டாக்ஸ், சிஸ்டைன் ட்ரீட்மென்ட் என்று விற்கப்படுபவற்றிலும் பல இதே குடும்பம்தான். பாட்டிலின் பின்னால் கிளையாக்சிலிக் ஆசிட், கிளையாக்சிலாயில் கார்போசிஸ்டைன், மெத்திலீன் கிளைகால், ஃபார்மலின் என்று எது இருந்தாலும் அது ஸ்ட்ரெயிட்டனிங். சில மாதங்களில் கழுவிப் போய்விடும் என்பார்கள். பூச்சு போகலாம், அயர்ன் சூட்டில் தளர்ந்த சுருள் பலருக்குத் திரும்புவதில்லை. 10 மாதம் பொறுத்து வளர்த்த 12 செ.மீ.யை இப்படிக் கொடுத்துவிட்டால் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து.

இன்னொன்றும் உண்டு. 2024 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு 26 வயதுப் பெண்ணின் பாதிப்பு வெளியானது. 2020, 2021, 2022 என மூன்று முறை ஸ்ட்ரெயிட்டனிங், மூன்று முறையும் அதையடுத்துச் சிறுநீரகச் செயல்பாடு குறைவு. அவருக்குப் பூசிய கிரீமில் கிளையாக்சிலிக் அமிலம் 10%. எலிகளில் சோதித்தபோது தோல் வழியே போன அமிலம் சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்சலேட் படிகமாகப் படிந்தது. அரிதான பாதிப்புதான். ஆனால் பூசியதும் தலை எரிந்து, இரண்டொரு நாளில் வாந்தியோ இடுப்பு வலியோ வந்தால் மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

அதே வேகத்தில் சில பார்லர்களில் "நேர் முடியைப் பெர்ம் செய்து சுருளாக்கி மேட்ச் பண்ணலாம்" என்பார்கள். அதுவும் தையோகிளைகோலேட்தான். ஏற்கெனவே வாங்கிய முடிக்கு இன்னொரு சுற்று. சோதித்துப் பார்க்க விரும்பினால் சீப்பில் வந்த ஒரு நேர் முடியை நனைத்து மெதுவாக இழுங்கள். நல்ல முடி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை நீண்டு, விட்டதும் சுருங்கும். ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போய்த் திரும்பாமல் நின்றாலோ, கொழகொழவென்று இருந்தாலோ அந்த முடி இனி எந்தக் கெமிக்கலையும் தாங்காது. ஹேர் கலர், பிளீச் எல்லாமே இதில் சேர்த்தி.

செம்பருத்தி_இலை:

ரெண்டு பேரும் வெட்டறதையும் கெமிக்கலையும் சொல்லிட்டாங்க. வாரா வாரம் வீட்டில் செய்யறதை நான் எழுதறேன். இந்த ஒன்றரை வருஷத்தில் முடி உடையறதும் உடையாததும் பெரும்பாலும் குளியலறையில்தான் முடிவாகும்.

குளிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, இல்லைன்னா முதல் நாள் ராத்திரி, தேங்காய் எண்ணெய் 2 டீஸ்பூன். தலையில் ஊத்தி அரக்கித் தேய்க்க வேண்டாம். கையில் தடவி, சேருமிடத்திலிருந்து நுனி வரைக்கும் நீவி விடணும். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ள இறங்கும், மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் அந்த அளவு இறங்காது. கழுவும்போது புரதம் கரையறது தேங்காய் எண்ணெயில்தான் குறையுதுன்னு 2003-ல் ரேலே, மொஹிலே ஆய்வில் காட்டியிருக்காங்க. விளக்கெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். பிசுக்கு அதிகம், ரெண்டு தினுசு முடி இருக்கும்போது சிக்கு விழுந்தா எடுக்க முடியாது. விளக்கெண்ணெய் வச்சுக் குளிச்சு, தலைமுடி மொத்தமும் கூடு மாதிரி இறுகி, கடைசியில் வெட்டி எடுக்க வேண்டி வந்த சம்பவம் மருத்துவ இதழிலேயே பதிவாகியிருக்கு.

சீயக்காய் பிரியர்கள் கோபிக்க வேண்டாம். பொடியைக் குழைச்சுத் தேய்க்கறது இந்தக் காலத்துக்கு ஆகாது. துகள் சுருளுக்குள்ள மாட்டிக்கும், எண்ணெய் போகலைன்னு இன்னும் அழுத்தித் தேய்ப்போம், சேருமிடம் அறுந்துடும். பழக்கத்தை விட முடியலைன்னா கொதிக்க வச்சு, துணியில் வடிச்ச தண்ணியை மட்டும் தலையில் விடுங்க. அரப்புக்கும் இதே விதி.

ஷாம்பு தலைத்தோலுக்கு மட்டும், ஒரு டீஸ்பூன் போதும், ஒரு மக் தண்ணியில் கலக்கிக்கலாம். முடியைத் தூக்கி உச்சியில் குவிச்சுக் கசக்கற பழக்கம் இருந்தா இன்னியோட நிறுத்துங்க. நுரை கீழே வழிஞ்சு போறதே நேர் பகுதிக்குப் போதும்.

அடுத்து கண்டிஷனர், இதில் கஞ்சத்தனம் கூடாது. தோள் அளவு முடிக்கு 2 டேபிள்ஸ்பூன். முடியை 6 பாகமாப் பிரிச்சு கிளிப் போடுங்க. ஒவ்வொரு பாகத்துக்கும் கண்டிஷனர் தடவி, முதல்ல விரலால் பிரிக்கணும், அப்புறம் அகலப்பல் சீப்பு. நுனியில் ஆரம்பிச்சு நாலு விரல், நாலு விரலா மேல ஏறணும். சேருமிடத்துக்கு வரும்போது அதுக்கு மேலே இன்னொரு கையால் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா இழுவை கையில் நின்னுடும், முடிக்குப் போகாது. பிரிச்ச பாகத்தைத் தளர்வா முறுக்கி விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. காய்ஞ்ச முடியில் சீப்பே படக்கூடாது.

கண்டிஷனர் வழுக்கல் போதலைன்னா பேருக்கேத்த மாதிரி என் சிபாரிசு செம்பருத்தி இலைதான். ரெண்டு கைப்பிடி இலையைத் தண்ணி விட்டு அரைச்சு, மெல்லிசு வெள்ளைத் துணியில் பிழிஞ்சு, அந்தக் கொழகொழ சாறை மட்டும் கண்டிஷனரோட சேர்க்கணும். திப்பி ஒரு துளிகூடப் போகக்கூடாது. வெந்தயமும் அப்படித்தான்: 2 டேபிள்ஸ்பூன் ஒரு கப் தண்ணியில் ராத்திரி ஊறணும், மேலே நிக்கிற வழுவழு தண்ணிதான் நமக்கு, விழுதை அடைக்கோ தோசைக்கோ அனுப்பிடுங்க.

முட்டை பேக் பத்திக் கண்டிப்பா யாராவது சொல்வாங்க. முட்டைப் புரதம் பெரிய மூலக்கூறு, முடிக்குள்ள போகாது, மேலே படிஞ்சு விறைப்பாக்கும். கடையில் ஹைட்ரலைஸ்டு புரோட்டீன்னு (சின்னத் துண்டா உடைச்ச புரதம்) போட்ட மாஸ்க் மாசம் ஒரு தடவை போதும். கஞ்சித் தண்ணி தினமும் ஊத்தினாலும் முடி விறைச்சு மொறமொறன்னு ஆகும்.

குளிச்சு முடிச்சதும் டவலைச் சுத்திக் கொண்டை போடாதீங்க. பழைய பருத்தி டி-ஷர்ட்டால் ஒத்தி எடுத்தா போதும். தண்ணி சொட்டும்போதே ஜெல்லைத் தடவி, சுருள் பகுதியை உள்ளங்கையில் ஏந்தி மேல் நோக்கிக் கசக்கி விடுங்க. ஆளிவிதை ஜெல் வீட்டிலேயே பண்ணலாம்: கால் கப் விதை, 2 கப் தண்ணி, கிளறிக்கிட்டே 8 நிமிஷம் கொதி, முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் சூட்டோடவே வடிகட்டணும். ஆறினா விதையோட ஒட்டிக்கும், வடியாது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வரும், வாடை மாறினா கொட்டிடுங்க. காய்ஞ்சதும் முடி மொடமொடன்னு இருக்கும், அது ஜெல்லோட ஓடுதான். ரெண்டு சொட்டு எண்ணெய் தொட்டு மறுபடி கசக்கினா உடைஞ்சு மென்மையாகிடும்.

கத்தரிக்கோல்:

செம்பருத்தி சொன்னதோட இன்னும் சில சேர்க்கை. சுருள் முடிக்காரங்க வழக்கமா "சல்ஃபேட் இல்லாதது, சிலிக்கோன் இல்லாதது"ன்னு தேடி வாங்குவாங்க. போர் தண்ணீர் வீட்டில் அதை அப்படியே பின்பத்தினா சரிவராது. கால்சியம், மெக்னீசியம் முடியில் படிஞ்சு, நனைஞ்சாலும் நனையாத மாதிரி சொரசொரன்னு நிக்கும். 15 நாளைக்கு ஒரு தடவை உப்புப் படிவை எடுக்கிற ஷாம்பு போடணும். உப்பைப் பிடிக்கிற ஈடிடிஏ (EDTA) பல ஷாம்புவில் துளி இருக்கும், அது ஷாம்பு கெடாம இருக்கச் சேர்க்கிறது, படிவை எடுக்க அது போதாது. பாட்டிலில் ஹார்ட் வாட்டர்னோ கீலேட்டிங்னோ தனியா எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்க. மத்த நாள் கடைசி ஒரு மக் மட்டும் கேன் தண்ணீர் விட்டு அலசினாலே வித்தியாசம் தெரியும். டிடிஎஸ் மீட்டரைப் பார்த்து ஏமாறாதீங்க, அது மொத்த உப்பைக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாக் காட்டாது.

சிலிக்கோன் விஷயத்தில், மாறுற காலம் முடியுற வரைக்கும் நான் அதை வேணும்னுதான் சொல்வேன். அமோடைமெத்திகோன்ங்கிற சிலிக்கோன் உள்ள கண்டிஷனர் உராய்வைக் குறைக்கும், சேருமிடத்துக்கு இப்போ தேவை அதுதான். நேர் முடி முழுக்கப் போனதும் வேணாம்னா விட்டுக்கலாம்.

சென்னைக்கு இன்னொரு குறிப்பு: லீவ்-இன் (தடவிட்டு அலசாம விடற கிரீம்), ஜெல் எதிலும் பொருள் பட்டியலில் கிளிசரின் முதல் நாலஞ்சு பெயருக்குள்ளே வந்தா வாங்காதீங்க. கடற்கரை ஊர் ஈரப்பதத்தை அது இழுத்து முடியை உப்ப வச்சிடும்.

மல்லிகைப்பந்தல்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ரெண்டு சந்தேகம் பாக்கி. ஒண்ணு, தினமும் விழுற முடி உடையறதா உதிர்றதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ரெண்டு, ஆபீஸுக்கு ஸ்கூட்டியில் போறேன், ஹெல்மெட் வேற. வெளியே போற நாளில் ரெண்டு தினுசும் தெரியாம எப்படிப் போடறது? கல்யாணத்துக்கு மட்டும் ஒரு நாள் அயர்ன் பண்ணலாமா, சவுரி வச்சா தாங்குமா?

குடுவை:

விழுந்த முடியை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு உதிர்ந்தது, நாளுக்கு 50 முதல் 100 வரை இயல்பு. குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் உடைவு. குமிழோடு நூற்றுக்கு மேல் வாரக்கணக்கில் விழுந்தால் கண்டிஷனரை மாற்றிப் பயனில்லை. டெங்கு மாதிரி காய்ச்சல், பிரசவம், கடுமையான டயட் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து அப்படி உதிரும். தோல் மருத்துவரிடம் போனால் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு பார்ப்பார்.

அயர்ன்: நேர் பகுதிக்கு அது தேவையே இல்லை, சுருளில்தான் வைக்க ஆசை வரும். அங்கே வைத்தால் சூட்டில் சுருள் தளர்ந்து அப்படியே நின்றுவிடும் அபாயம் உண்டு. ஈரம் துளி இருந்தாலும் உள்ளே நீர் ஆவியாகி முடித்தண்டில் குமிழ் விடும், பிறகு அங்கே ஒடியும். வேண்டாம்.

கத்தரிக்கோல்:

அயர்னைக் காட்டிலும் பின்னிக் காய வைக்கிறது நல்லது. முக்கால்வாசி காய்ஞ்ச முடியில் ஜெல் தடவி 6 அல்லது 8 சடையாப் பின்னுங்க. வேர்ப்பக்கம் தளர்வாகவே இருக்கட்டும். சுருள் தானா நிக்கும், நேர் நுனிதான் வளையாது, அதனால் கடைசி 8 செ.மீ.யைச் சின்ன ஸ்பாஞ்ச் ரோலரில் சுத்திடுங்க. முழுசாக் காய்ஞ்ச பிறகுதான் அவிழ்க்கணும். துளி ஈரம் இருந்தா அரை மணி நேரத்தில் நுனி மறுபடி குச்சியாயிடும். இந்த மழைக்காலத்தில் ராத்திரி பின்னினது காலையில் காயாது, சாயங்காலமே பின்னிடுங்க.

ஹெல்மெட்டுக்கு உள்ளே வழவழப்பான சாட்டின் துணியைத் தலையில் கட்டிக்குங்க. ஈர முடியோட ஹெல்மெட் போடாதீங்க. உச்சிக் கொண்டையும் வேண்டாம், ஹெல்மெட் அழுத்துற இடமும் சேருமிடமும் ஒண்ணாயிடும். கழுத்துக்கிட்டத் தளர்வாக் கிளிப் போதும். ரப்பர் பேண்ட் தொடவே தொடாதீங்க, துணி சுத்தின பேண்ட் மட்டும். தினமும் முன்நெற்றி முடியை இழுத்துச் சீவினா அந்த ஓரம் பின்வாங்கும், ரொம்ப நாள் போனா திரும்ப வளராது.

சவுரி வைக்கலாம், வைக்கிற இடம்தான் முக்கியம். உச்சியிலிருந்து ஜடை இறக்கினா சவுரி, பூ, ஜடைநாகம், குஞ்சலம் எல்லாக் கனமும் உங்க 12 செ.மீ.யில் தொங்கும். பின்கழுத்துக்குக் கொஞ்சம் மேல முதல்ல உங்க சொந்த முடியிலேயே சின்னக் கொண்டை போடச் சொல்லுங்க. சவுரியோட தலைப்பை அந்தக் கொண்டையைச் சுத்திக் கட்டி, யு-பின்னைக் கொண்டைக்குள்ள குத்தணும், தலையை ஒட்டின சுருளில் குத்தக்கூடாது. ஜடைநாகத்துக்குப் பதிலா மல்லிகைச் சரத்தைச் சுத்தினா கனம் பாதிதான். சவுரி வாங்கும்போது லேசா அலை உள்ளதா எடுங்க, உங்க முன்பக்கச் சுருளோட ஒத்துப்போகும். ஹேர் ஸ்பிரே அடிச்சிருந்தா அன்னிக்கு ராத்திரி காய்ஞ்ச முடியில் பிரிக்காதீங்க; பின்களை மட்டும் எடுத்துட்டு, கண்டிஷனரைத் தடவி 10 நிமிஷம் ஊறினதும் விரலால் பிரிங்க. பெரிய வெட்டைக் கல்யாணத்துக்கு முன்னாடியே முடிச்சுடுங்க, குறைஞ்சது மூணு வாரம் இடைவெளி இருக்கட்டும்.